கொட்டகையில் பிறந்த வண்டி

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை வாசித்தவர்கள் அதில் வரும் பீர் டப்பாவை மறந்திருக்க மாட்டார்கள். உடன் பயணம் செய்யும் நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவின் அலுமினியத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி இடையில் செருகினால் இறுகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஜெர்மானிய வண்டிக்குக் குப்பையில் போகும் தகடா? கடைசிவரை அந்தத் துண்டு அங்கே செருகப்படுவதில்லை. நம் சூழலில் இந்நூல் பேசப்படும்போது தரம் பற்றிய தத்துவ விசாரணையே முன்னிற்கும்; பீர் டப்பா ஓர் உவமையாகச் சுருங்கிவிடும். நாம் இங்கே அந்தத் தகட்டையே பின்தொடர விரும்புகிறோம்.

பிர்சிக் தம் மகனுடன் மினியாபொலிஸிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டது 1968 கோடையில். அவர் ஓட்டியது ஹோண்டாவின் 305 சிசி சாலை வண்டி. அதே 1968-இல்தான் யமஹாவின் டிடி-1 என்ற மெலிந்த 250 சிசி வண்டி அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு நின்றது. பின்னாளில் 'டூயல்-ஸ்போர்ட்' என்று பெயர் பெற்ற வகைக்கு அதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். விளக்கு, ஒலிப்பான், எண் பலகை என்று சட்டம் கேட்பதையெல்லாம் வைத்துக்கொண்டு சாலையில் ஓடும். சாலை முடிந்த இடத்திலும் நிற்காமல் ஓடும். இதுதான் அவ்வகையின் இலக்கணம். உயரமான சஸ்பென்ஷன், ஆரக்கம்பி பூட்டிய பெரிய முன்சக்கரம், நம் மெக்கானிக்குகள் 'பட்டன் டயர்' என்று சொல்லும் கட்டைகட்டையான டயர், பாறையில் இடிபடாமல் உயரத் தூக்கிக் கட்டிய சைலன்ஸர் ஆகியவை அதன் அங்க அடையாளங்கள்.

இவ்வகையின் வரலாற்றை நிறுவனங்களின் பட்டியலாக எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டும் வருகிறது. நமக்கு அந்த வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது. இந்த வண்டியை முதலில் செய்தவர்கள் அதை வாங்கியவர்கள். வீட்டுக் கொட்டகையில் அவர்கள் அடித்தும் அறுத்தும் எழுதிய திருத்தங்களைத் தொழிற்சாலை பிறகு படியெடுத்துக்கொண்டது. படியெடுத்த பிறகு, மேலும் திருத்த உரிமை யாருக்கு என்ற வழக்கும் கூடவே வந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் பாலைநிலத்துக்குப் போவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே மணலிலும் பாறையிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒரு கூட்டம் உருவானது. கையில் இருந்தவை பிரிட்டனிலிருந்து வந்த ட்ரையம்ப் போன்ற வண்டிகள். இரண்டு சிலிண்டர், 500 அல்லது 650 சிசி, நல்ல கனம். அவற்றை வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை கழற்றுவதுதான். மட்கார்டு, கனமான சைலன்ஸர், முன்விளக்கு, கருவிப்பெட்டி, இருக்கையின் பாதி என்று ஒவ்வொன்றாகப் போகும். அடுத்தது சேர்ப்பது: இன்ஜினின் அடியில் கல் படாமலிருக்க ஓர் இரும்புத் தகடு, அகலமான ஹேண்டில்பார், குறைந்த வேகத்தில் இழுவை கூடும்படி பற்கள் குறைந்த முன் ஸ்ப்ராக்கெட். எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று வடிகட்டி. பாலைவனத்து நுண்மணல் கார்புரேட்டர் வழியாக உள்ளே போனால் எண்ணெயோடு கலந்து சாணைக்கல்லாகிவிடும். பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே பெரிய வடிகட்டியை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது அந்நாளில் ஒவ்வொரு கொட்டகையிலும் தனித்தனியாகத் தீர்க்கப்பட்ட புதிர்.

இப்படி ஆன வண்டிகளை 'டெஸர்ட் ஸ்லெட்' என்றார்கள், பாலைவனச் சறுக்குவண்டி. 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலியைத் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற வண்டி ஜெர்மன் ராணுவ வண்டிபோல வேடமிட்ட ட்ரையம்ப்தான். தாண்டியவர் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அல்லர், பாலைவனப் போட்டிகளில் பேர்பெற்ற பட் எகின்ஸ். உலகப் போரைக் காட்டும் திரையில் கலிஃபோர்னியக் கொட்டகை தன் கைவேலையைக் காட்டிவிட்டுப் போன இடம் என்று அந்தக் காட்சியைச் சொல்லலாம்.

ஆனால் விளக்கைக் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது. பாலைவனம்வரை அதை வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். வார நாளில் வேலைக்கும் விடுமுறையில் மணலுக்கும் ஒரே வண்டியில் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? கழற்றியதை மறுபடி மாட்டுவார்கள். எளிதில் கழற்றி மாட்டும்படி ஏற்பாடு செய்துகொள்வார்கள். இருவேறு உலகங்களுக்கு ஒரே வண்டி என்ற எண்ணத்தின் வேர் இந்தச் சில்லறை நிர்ப்பந்தத்தில் இருக்கிறது.

ஜப்பானிய நிறுவனங்கள் இதைக் கவனித்தன. ஹோண்டா தன் 250 சிசி சாலை இன்ஜினை வேறு சட்டகத்தில் பொருத்தி, புகைக்குழாயை உயர்த்தி, சிஎல்72 ஸ்கிராம்ப்ளர் என்று வெளியிட்டது. 1962-இல் பட் எகின்ஸின் தம்பி டேவ் எகின்ஸும் பில் ராபர்ட்ஸன் என்பவரும் அதில் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தை டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை கடந்தார்கள். பெரும்பகுதி தார் காணாத தடம். எகின்ஸுக்கு ஆன நேரம் 40 மணிக்குச் சற்றுக் குறைவு. புறப்பட்ட ஊரிலும் சேர்ந்த ஊரிலும் தந்தி அடித்து நேரத்தைப் பதிவு செய்தார்கள் என்பது நமக்குப் பிடித்த தகவல். விளம்பரத்துக்காகச் செய்த பயணம்தான். இருந்தும் தந்தி அலுவலகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லாத ஒரு வெளியில் அது நடந்தது.

சிஎல்72 இன்னமும் வேடமிட்ட சாலை வண்டியே. டிடி-1 அப்படியில்லை. மண்ணில் ஓட வேண்டும் என்று நினைத்து முதலிலிருந்தே வரையப்பட்டது. ஒற்றைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 246 சிசி. எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். பழைய ட்ரையம்ப் சறுக்குவண்டியோடு மல்லுக்கட்டியவருக்கு இது பொதி மாட்டுக்குப் பக்கத்தில் மானைக் கட்டியதுபோல் இருந்திருக்கும். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றும் தொல்லையும் இல்லை. தனி டேங்கிலிருந்து ஒரு சிறு பம்பு அளந்து அனுப்பிக்கொள்ளும். பங்க்கில் '2டி ஆயில்' கேட்டு நின்ற நம் தலைமுறைக்கு இதன் அருமை புரியும்.

இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் விற்பனை வெற்றியில் நின்றுவிடுகிறார்கள். நாம் நிற்க விரும்பும் இடம் வேறு. யமஹா இந்த வண்டியோடு கூடவே ஒரு பெட்டியையும் விற்றது. ஜிஒய்டி என்று அதற்குப் பெயர். யமஹாவின் அசல் திருத்தப் பொருள்கள் என்று அர்த்தம். வேறு பிஸ்டன், வேறு சிலிண்டர் தலை, பெரிய கார்புரேட்டர், வயிறு பெருத்த புகைக்குழாய் எல்லாம் அதற்குள் இருக்கும். வாங்கிவந்து ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே மாட்டினால் வேலைக்குப் போகும் வண்டி பந்தய வண்டியாகிவிடும். அதாவது, வாங்குகிறவன் எப்படியும் கழற்றத்தான் போகிறான் என்பதை ஒரு தொழிற்சாலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு வேண்டியதைத் தானே எடுத்துக் கொடுத்தது. தன் நூலின் ஓரத்தில் வாசகன் எழுதிக்கொள்ள வெற்றிடம் விட்டு அச்சிடும் பதிப்பாளர்போல. அந்தத் தாராளம் நீண்ட நாள் நீடிக்கவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நிற்க. கழற்றுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். கழற்றுவதற்குக் கருவி வேண்டும், வழிகாட்ட நூலும் வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் முதலான அங்குல அளவு ஸ்பேனர்கள். ஜப்பானிய வண்டிகளுக்கு மில்லிமீட்டர் அளவு. 1960-களில் ஒரு கருவிப்பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது ஒரு லிபியிலிருந்து இன்னொரு லிபிக்கு மாறியது போன்றது. அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஜப்பானிய இன்ஜின் மூடிகளில் கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள் இருக்கும். மேலைநாட்டுத் திருப்புளி அதில் பொருந்துவதுபோலத் தோன்றும். அழுத்தித் திருகினால் நழுவி, தலையை மழுக்கிவிடும். ஜப்பானியத் தர அளவில் அந்தக் குழியின் வடிவம் சற்றே வேறு என்பதுதான் காரணம். அமெரிக்கக் கொட்டகைகளில் எத்தனையோ பேர் ஜப்பானியத் திருகாணி மட்டமான உலோகம் என்று திட்டிக்கொண்டே, சுத்தியலால் அடித்தால் திரும்பும் திருப்புளியை வாங்கினார்கள். ஒரே எழுத்துப்போலத் தெரியும் இரண்டு எழுத்துகளை மயங்கிப் படிப்பது சுவடி படிப்பவர்களுக்கு மட்டும் நேரும் இடர் அன்று.

வழிகாட்டி நூல்களின் கதையும் கொட்டகைக் கதைதான். இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்ற பள்ளி மாணவர் பழைய ஆஸ்டின் 7 காரைத் தானே மாற்றிக் கட்டி, அது எப்படி என்று ஒரு சிறு கைப்பிரதி எழுதி 1956-இல் விற்றார். பின்னர் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் காரைப் பிரித்துப் பூட்டியதைப் படிப்படியாகப் புகைப்படமெடுத்தார். அதிலிருந்து 1966-இல் முதல் ஹேன்ஸ் பழுதுபார்ப்பு நூல் வந்தது. நிறுவனம் தன் பணிமனைக்காக எழுதும் நூல், படிப்பவனுக்கு எல்லாக் கருவியும் இருக்கிறது, எல்லாப் பயிற்சியும் இருக்கிறது என்று கருதி எழுதப்படும் சூத்திரம். ஹேன்ஸ் எழுதியது உரை. எந்தப் போல்ட்டு அடம்பிடிக்கும், எங்கே கை நுழையாது, சிறப்புக் கருவி இல்லையென்றால் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்றெல்லாம் சூத்திரம் சொல்லாது, உரைதான் சொல்லும். தமிழ் வகுப்பில் உரையாசிரியர்களோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு அந்த நூல்களைப் புரட்டும்போது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

1975-இல் யமஹா எக்ஸ்டி500-ஐ வெளியிட்டது. ஃபோர்-ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர், 499 சிசி. அவ்வளவு பெரிய ஒற்றைப் பிஸ்டனைக் காலால் உதைத்துக் கிளப்புவது விளையாட்டல்ல; பிஸ்டன் தவறான இடத்தில் நிற்கும்போது உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். அதற்காகச் சிலிண்டர் தலையில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் வைத்தார்கள். இடக்கையில் உள்ள நெம்பியை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல நகர்த்தினால் சாளரத்தில் ஒரு குறி தெரியும். தெரிந்ததும் நெம்பியை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பார்கள். அங்கே அம்மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்து நாம் செய்ததைத்தான் இங்கே சாளரம் செய்கிறது.

இந்த எக்ஸ்டி500-இல்தான் தியெரி ஸபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-இல் அபிஜான்-நீஸ் பந்தயத்தின்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். உயிர்பிழைத்துத் திரும்பியவர் அதே பாலைவனத்துக்கு மற்றவர்களையும் அழைத்துப்போகத் தீர்மானித்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வண்டிகள் டாக்காரை நோக்கிக் கிளம்பின. ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். 1979 ஜனவரியில் போய்ச் சேர்ந்தவை 74. மோட்டார் சைக்கிளில் முதலில் வந்தவர் சிரில் நெவ்யூ. அவருடைய வண்டி எக்ஸ்டி500. அந்த முதல் ஆண்டுகளின் பந்தய வண்டிகளைப் படங்களில் பார்த்தால் கடை வண்டியின் முகம் அப்படியே தெரியும். மேலே பெரிய டேங்க், பின்னால் மாற்று உறுப்புகள், சட்டகத்தில் இங்கங்கே வலுவுக்கு வெல்டு வைத்த துண்டுகள், அவ்வளவுதான் வேறுபாடு. புறநானூற்றில் உமணர் வண்டியின் அடியில் முன்யோசனையோடு கட்டி எடுத்துச்சென்ற சேமஅச்சு ஒன்று வருமல்லவா, அதன் நேர் வாரிசுகள் இவை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாத வழிக்குப் போகிறவன் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் மூட்டை கட்டுகிறான்.

பிஎம்டபிள்யூவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980-இல் வந்த ஆர்80 ஜி/எஸ் இன்றைய கனத்த 'அட்வெஞ்சர்' வண்டிகளுக்கெல்லாம் மூதாதை. அதற்கு முன்னோடியாக நின்றது நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருந்த லாஸ்லோ பெரெஸ் தம் சகாக்களுடன் சொந்த நேரத்தில் கட்டிய ஒரு மெலிந்த 800 சிசி வண்டி. பீர் டப்பாத் தகட்டை ஏற்க மனமில்லாத நண்பரின் கம்பெனியிலேயே, பணிநேரம் முடிந்த பிறகு, கொட்டகைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இதற்குள் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் புகை வரம்பு 1978 முதல் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் பொருந்தியது. டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அங்கே சாலையிலிருந்து மெல்ல விலகின. 1983 முதல் சத்தத்துக்கும் வரம்பு, சைலன்ஸரில் முத்திரை. மாசு கட்டுப்பாட்டு உறுப்புகளில் கைவைப்பது சட்டவிரோதம். இந்த விதிகள் அநியாயம் என்று சொல்ல மாட்டோம்; நகரத்தில் மூச்சுவிடுகிறவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், தொழிற்சாலையிலிருந்து வரும் கார்புரேட்டர்கள் பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் கலக்கும்படி பூட்டப்பட்டு வந்தன; ஊசியை ஏற்றி இறக்கப் பழைய கார்புரேட்டர்களில் இருந்த படிகளை எடுத்துவிட்டார்கள். வண்டி ஓடும், ஆனால் குளிரில் இருமும், பாதி ஆக்ஸிலேட்டரில் தயங்கும்.

இங்கேதான் கவாஸாகி கேஎல்ஆர்650 வருகிறது. 1987-இல் வந்து, 2008-இல் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, 2018 வரை விற்ற வண்டி. 23 லிட்டர் டேங்க், தண்ணீரால் குளிரும் 651 சிசி ஒற்றைச் சிலிண்டர், அழகென்று சொல்ல முடியாத உருவம், விலை குறைவு. கொட்டகை மரபு தன் முழு உருவத்தைக் காட்டியது இந்த வண்டியில்தான் என்பது நம் கருத்து. மேலே சொன்ன தயக்கத்துக்கு அதன் உரிமையாளர்கள் கண்ட மருந்துக்கு '22 சென்ட் திருத்தம்' என்று பெயர். இரண்டு சிறிய வாஷர்களைக் கார்புரேட்டர் ஊசியின் தலைக்கு அடியில் வைத்தால் ஊசி ஒரு மயிரிழை உயரும்; நடுவேகத்தில் கலவை சற்றுச் செறிவாகும்; இருமல் நிற்கும். பெயரில் உள்ளது அந்த வாஷர்களின் விலை. சட்டத்தின் கண்ணில் இது குற்றம். கொட்டகையின் கண்ணில் வைத்தியம். பிர்சிக்கின் அலுமினியத் துண்டுக்கு இதைவிட நெருங்கிய உறவினரை நாம் எங்கும் கண்டதில்லை.

இன்னொரு திருத்தம் உயிர்நாடியைத் தொட்டது. பெரிய ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வை அடக்க இன்ஜினுக்குள் எடை கட்டிய சமன்தண்டுகள் சுழலும். அவற்றை ஒரு செயின் ஓட்டுகிறது. செயின் நாளடைவில் தொய்யும். தொய்வை எடுக்க ஒரு நெம்பியும் ஸ்பிரிங்கும் உண்டு. வெளியிலுள்ள ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் நெம்பியை இழுத்துத் தொய்வை எடுக்கும், பிறகு போல்ட்டை இறுக்கிவிட வேண்டும் என்பது கையேட்டின் வாக்கு. உள்ளே திறந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. ஸ்பிரிங் இழுக்க வேண்டிய தூரம் முடிந்து தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி இறுக்குவது வெறும் சடங்கு. இரண்டு துண்டாக வெல்டு வைத்த நெம்பி சில வண்டிகளில் முறிந்து, சில்லுகள் இன்ஜினுக்குள் கிடந்தன. பெயர் சொல்ல வராத உறுப்பை ஆங்கிலத்தில் 'டூஹிக்கி' என்பார்கள். நாம் 'அந்த இது' என்பதுபோல. அந்த இதுவே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது.

லேத் வேலை தெரிந்த சில உரிமையாளர்கள் ஒரே எஃகுத் துண்டில் கடைந்து வலுவான நெம்பியைச் செய்தார்கள், சரியான நீளத்தில் ஸ்பிரிங்கோடு. அதை மாட்ட இடப்பக்க மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தை இழுகருவியால் கழற்ற வேண்டும். எல்லார் வீட்டிலும் அந்தக் கருவி இருக்காது. ஆகவே ஒரு விடுமுறை நாளில் யாராவது ஒருவரின் கொட்டகையில் கூடுவார்கள். ஐந்தாறு வண்டிகள் வரிசையாக நிற்கும். முதல் வண்டியில் கற்றவர் இரண்டாவதில் கைகொடுப்பார், மூன்றாவதில் ஆசானாவார். கழற்றிய பழைய நெம்பியைக் கையில் வைத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. 2008-இல் வந்த புதிய வடிவத்தில் நிறுவனமும் அந்த நெம்பியை மாற்றியது. மூலத்தில் இருந்த பிழையை உரையாசிரியர்கள் சுட்டிக்கொண்டே இருந்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பதிப்பில் திருத்தம் ஏறியது.

இதே மரபில்தான் வால்வு இடைவெளியையும் வீட்டில் பார்த்தார்கள். இந்த இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுக்கு இருக்க வேண்டிய இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர். மெல்லிய தகடுகளைக் கொண்ட அளவியைச் செருகிப் பார்த்து, குறைந்திருந்தால் உள்ளேயுள்ள வில்லை வடிவ ஷிம்மை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட வேண்டும். ஒருவருக்குப் பயன்படாத கனம் இன்னொருவருக்குத் தேவைப்படும் என்பதால் ஷிம்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்கு ஒரு கலிஃபோர்னிய நிறுவனம் இந்த வண்டியை டீசலில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தது. போர்க்களத்தில் எல்லா வாகனத்துக்கும் ஒரே எரிபொருள் என்பது படைகளின் கொள்கை. மாற்றுவதற்கு இவ்வளவு இடங்கொடுக்கும் வண்டி என்று அரசாங்கமும் கண்டுகொண்டதற்கு அது சான்று.

2021-இல் கேஎல்ஆர் மீண்டும் வந்தது, கார்புரேட்டர் இல்லாமல். இப்போது கலவையைக் கணினி தீர்மானிக்கிறது. வாஷர் வைக்க ஊசியே இல்லை. இது கேஎல்ஆருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. புகை வரம்பைப் பிடிக்கவும் பெட்ரோலைச் சிக்கனமாக்கவும் இதைவிட நல்ல வழி கிடையாது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு பூட்டு, புகைக்காகப் போடப்பட்டது, பழுதுபார்ப்புக்கும் சேர்த்தே பூட்டிவிடுகிறது. வெளியில் வாங்கிய உறுப்பைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போய்விடும் என்ற பொருள்படும் நிபந்தனைகளுக்காக 2022-இல் அமெரிக்க வணிக ஆணையம் ஹார்லி-டேவிட்ஸன் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. ஜிஒய்டி பெட்டியை வண்டியோடு விற்ற காலத்துக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டு.

நம் நாட்டில் இவ்வகை வண்டி தாமதமாகவே வந்தது. சென்னையைச் சுற்றியுள்ள தன் தொழிற்சாலைகளை நம்பி நிற்கும் ராயல் என்ஃபீல்டு 2016-இல் ஹிமாலயனை வெளியிட்டது: 411 சிசி, 21 அங்குல முன்சக்கரம், முதலில் கார்புரேட்டரோடும் 2017 முதல் அது இல்லாமலும். ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சாலையில் மற்றவர்களின் உயிரும் இருப்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் மூலபாடத்தை எழுதியவருக்கே திருத்தும் உரிமையும் முழுமையாகப் போய்ச்சேருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2020-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸுக்கு உயரமான சஸ்பென்ஷன், தட்டையான இருக்கை, பட்டன் டயர் அடங்கிய ஒரு பெட்டியைப் போட்டிகளுக்கென்று விற்றது. ஜிஒய்டியின் பேரப்பிள்ளை. 2022-இல் ஏறத்தாழ அதே திருத்தங்களோடு முழு வண்டியாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது, சாலையில் ஓட்டும் அனுமதியோடு.

2023 இறுதியில் புதிய ஹிமாலயன் வந்தது. 452 சிசி, தண்ணீர்க் குளிரூட்டல். ஆக்ஸிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே கேபிளுக்குப் பதில் மின்சாரச் சைகை. பழைய 411 தமிழ்நாட்டில் பல வீடுகளின் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. அதன் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் தேவையில்லை. திருகாணியும் பூட்டு நட்டும்தான். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒரு ஸ்பேனர், அளவித் தகடு, கை துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.